மரத்தடியில ஒரு புள்ளி

அப்பம்மாவின்ர வெத்திலைப் பெட்டிக்குள்ள கிடந்த 1943ஆம் ஆண்டு ஒரு சதக் காசுக் குத்தி இது, புதுக்குடியிருப்பில இருந்து இடம்பெயரேக்க சீலைத் தலைப்பில முடிஞ்சு கொண்டு வந்தவ. ஒரு பக்கம் ஆறாம் ஜோர்ஜ், மற்றப் பக்கம் பனை மாதிரி ஒரு மரம். போன கிழமை லென்ஸ் வச்சுப் பாக்கேக்கதான் மரத்தடியில ஒரு குட்டிப் புள்ளியும் அதில இருந்து விளிம்பு வரைக்கும் மயிரளவு கோடும் கண்டன்.

வவுனியாவில ஒரு கடைக்காரர் "உது கீறல் தம்பி" எண்டார், எனக்கு மனம் ஒப்பேல்ல. கீறலெண்டா பள்ளமா இருக்கோணும், இது நகத்தால தடவ மேடாத் தட்டுப்படுது, அப்ப காசு அடிக்கிற டையிலயே, அதாவது உருவம் பதிக்கிற அச்சிலயே, வெடிப்பு வந்து உலோகம் அதுக்குள்ள ஏறியிருக்கு, அந்த வெடிப்புக்குப் பிறகு அதால அடிச்ச குத்தி எல்லாத்திலயும் அதே இடத்தில கோடு நிக்கும். கோடு சரி. புள்ளிதான் விளங்கேல்ல. டை துருப்பிடிச்சாலும் பொளிஞ்சாலும் மேடு வரும்தான், ஆனா இது ஊசியால குத்தி எடுத்த மாதிரி அவ்வளவு வட்டம்.

உங்களிட்டயும் 1943 ஒரு சதம் கிடந்தா மரத்தடியை ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ, ஆனா புளி போட்டு மினுக்கிப்போடாதேங்கோ.