முன்பாரமும் பின்பாரமும்

ரெயூனியன் தீவின் தெற்கே சேன் பியேர் நகரில் நான் வேலை பார்க்கும் மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு, தங்கள் பயண வண்டிக்குப் பின்னால் சிறிய ட்ரெய்லர் மாட்டித் தரும்படி கேட்டு வருபவர்கள் அனைவரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "என் வண்டி இதை இழுக்குமா?" ஆறு சிலிண்டரும் 1,833 சிசி எஞ்சினும் கொண்ட ஹோண்டா கோல்டு விங் வைத்திருப்பவரும் இதையே கேட்கிறார். இழுப்பது அந்த எஞ்சினுக்கு ஒரு பொருட்டே அல்ல. பின்னால் வருவது வண்டியைத் தள்ளும்போதும், வளைவில் தன் போக்கில் செல்லும்போதும், கொக்கியின் மேல் அமர்ந்து பின் சக்கரத்தை அழுத்தும்போதும் என்ன ஆகும் என்பதைத்தான் அவர்கள் கேட்க வேண்டும். அதை நாங்களே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மோட்டார் சைக்கிளுக்கு ட்ரெய்லர் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் வியக்கலாம். இத்தீவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் குடும்பத்தோடு கடற்கரைக்கோ மலைக்கோ போய் அங்கேயே சமைத்து உண்பதுதான் வழக்கம். அலுமினிய அண்டா, அரிசி, எரிவாயு அடுப்பு, ஐஸ் பெட்டி எல்லாம் உடன் போகும். இருவர் அமர்ந்த வண்டியின் பக்கப் பெட்டிகளில் இவ்வளவும் அடங்குவதில்லை.

இது பிரான்சின் ஒரு மாவட்டம் என்பதால் பிரெஞ்சுச் சாலை விதிகளே இங்கும் செல்லும். மோட்டார் சைக்கிள் இழுக்கும் ட்ரெய்லர், சரக்கோடு சேர்த்து, அந்த வண்டியின் சொந்த எடையில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. 380 கிலோ வண்டிக்கு 190 கிலோ என்று கணக்கு வரும். ஆனால் பிரேக் இல்லாத ட்ரெய்லரை அந்த எல்லை வரை ஏற்றி மலைப்பாதையில் அனுப்ப எனக்கு மனம் வராது. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 500 கிலோவுக்குள் இருப்பதால் தனிப் பதிவு எண் தேவையில்லை. இழுக்கும் வண்டியின் எண்ணையே பின்னால் மாட்டினால் போதும். இன்னொன்றையும் வாடிக்கையாளரிடம் மறைப்பதில்லை. கோல்டு விங்கின் கையேட்டிலேயே, இவ்வண்டி ட்ரெய்லர் இழுப்பதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல என்று அச்சிட்டிருக்கிறார்கள். எனவே காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் சொல்லிவிட்டு வாருங்கள் என்பது எங்கள் பட்டறையின் முதல் நிபந்தனை.

கொக்கி, வண்டியின் சட்டத்தோடு இணைய வேண்டும். பெட்டி வைக்கும் பின் தாங்கியில் அதைப் பொருத்தி வருபவர்களைக் கண்டால் எங்கள் மூத்த மெக்கானிக், காரைக்காலில் பிறந்தவர், வேலையை நிறுத்திவிட்டு எழுந்து வந்துவிடுவார். ட்ரெய்லரைக் கொக்கியோடு இணைக்கும் கப்ளிங், தன் அச்சில் சுழலக்கூடியதாக இருப்பதும் முக்கியம். மோட்டார் சைக்கிள் வளைவில் சாயும்போது ட்ரெய்லர் சாயாமல் நிமிர்ந்தே வர வேண்டும். சுழலும் கப்ளிங் இருந்தால் ட்ரெய்லர் கவிழ்ந்தாலும் அந்த முறுக்கு வண்டிக்கு ஏறாது. பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளிங்கின் அடியில் குறுக்காக மாற்றி மாட்டினால், கொக்கி நழுவினாலும் ட்ரெய்லரின் முன்தண்டு தரையில் குத்தாமல் சங்கிலிகள் தாங்கிக்கொள்ளும். மின் இணைப்புக்கு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து எல்இடி விளக்குகளைப் பொருத்துகிறோம். புதிய வண்டிகளின் மின் அமைப்பு, வெளியிலிருந்து ஒட்டும் கம்பிகளை எளிதில் ஏற்பதில்லை.

இவையெல்லாம் ஒரு நாளில் முடியும் வேலை. சரக்கு ஏற்றும் முறையைக் கற்றுக்கொடுப்பதற்குத்தான் பொறுமை வேண்டியிருக்கிறது. "தம்பி, முன்பாரம் பாத்தியா?" என்று மூத்தவர் கேட்காத நாளில்லை. மாட்டு வண்டியில் பாரம் முன்னால் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும், பின்னால் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கும். அதே கணக்குதான் இங்கும். ட்ரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொக்கியின் மேல் அமர வேண்டும். 100 கிலோ ட்ரெய்லருக்குப் பத்திலிருந்து பதினைந்து கிலோ. கொக்கியின் உயரத்துக்கு மரக்கட்டை அடுக்கி, அதன்மேல் குளியலறை எடைக்கருவியை வைத்து, முன்தண்டை அதில் இறக்கினால் எண் தெரிந்துவிடும். குறைந்தால் ட்ரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும்; மிகுந்தால் பின் சஸ்பென்ஷன் அமுங்கி முன் சக்கரம் இலேசாகிவிடும். பெரும்பாலோர் ஐஸ் பெட்டியைக் கடைசியில் ஏற்றுவதால் அது கதவோரத்தில், அச்சுக்குப் பின்னால் போய் நிற்கிறது. அதை அச்சுக்குச் சற்று முன்னால் தரையோடு வைத்து, அண்டாவையும் கூடாரத்தையும் அதன்மேல் அடுக்கச் சொல்லி, இறக்கி ஏற்றிக் காட்டுகிறோம்.

தாமரைன் சாலை 2009 ஜூன் மாதம் திறக்கப்பட்டதிலிருந்து மேற்குக் கரையில் 110 கிலோமீட்டர் வேகம் வரை செல்லலாம். ஆனால் பள்ளத்தாக்குகளின் மேல் செல்லும் அதன் பாலங்களில் பக்கவாட்டுக் காற்று திடீரென்று அடிக்கும். ட்ரெய்லர் ஆடத் தொடங்கினால் கை தானாகவே பிரேக்கைத் தேடும். அதைத் தடுத்து, ஹேண்டிலை உறுதியாகப் பிடித்து, திராட்டிலை மெல்லக் குறைத்து வேகம் தணிய விட வேண்டும். திடீர் பிரேக், ஆட்டத்தை அடக்காமல் பெருக்கிவிடும்.

மலை இறக்கத்துக்குப் பாடம் வேறு. காஃப்ர் சமவெளியைக் கடந்து, ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்திலுள்ள பெல்வூ கணவாயிலிருந்து பால்மீஸ்த் சமவெளிக்கு இறங்கும் பாதையில் பனிமூட்டமும் மழையும் சேர்ந்தே வரும். அங்கே வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்து, கீழ் கியரில் எஞ்சினின் பிடிப்பிலேயே இறங்க வேண்டும். சாய்ந்த நிலையில் பிரேக் பிடித்தால், பின்னாலிருந்து வரும் தள்ளல் பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் நகர்த்தப் பார்க்கும். வளைவில் ட்ரெய்லரின் சக்கரங்கள் வண்டியின் தடத்துக்கு உட்புறமாக வருவதால், சற்று அகலமாகவே திரும்ப வேண்டும். மோட்டார் சைக்கிள் ஒரு தடத்தில் ஓடும் வண்டி. ட்ரெய்லர் மாட்டினால் மூன்று தடங்கள் ஆகிவிடுகின்றன. ஓட்டுபவர் இலாவகமாக விலக்கிச் சென்ற குழியில் ட்ரெய்லரின் சக்கரம் இறங்குவது அதனால்தான். நானூறுக்கும் மேற்பட்ட வளைவுகள் கொண்ட சிலாவோஸ் பாதைக்கு ட்ரெய்லரோடு போகலாமா என்று கேட்பவர்களுக்கு நான் தரும் பதில்: வேண்டாம், சரக்கைக் காரில் வரும் உறவினரிடம் கொடுத்தனுப்புங்கள். வியாபாரத்துக்கு உதவாத பதில் என்று முதலாளி முகம் சுளிப்பதுண்டு.

கடைசியாக, சக்கரத்தின் மையத்தில் அது சுழல உதவும் பேரிங். 8 அங்குல ரிம்மில் ஓடும் சிறிய சக்கரம், 100 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் சுற்றுகிறது. அதனால் புறப்பட்டு இருபது கிலோமீட்டருக்குள் ஒரு முறை நிறுத்தி, நட்டுகளை முறுக்கிப் பார்த்து, சக்கரத்தின் மையத்தில் கை வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். இளஞ்சூடு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருந்தால் ட்ரெய்லரை அங்கேயே கழற்றிவிட்டு எங்களுக்குத் தொலைபேசியில் சொன்னால், வேனில் வந்து ஏற்றிக்கொள்கிறோம்.