ஐரிஷ்காரர்களின் ஆங்கிலம் எனக்குப் பிடிபட்ட விதம்

மருத்துவத் துறையில் வேலை பார்ப்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதித் தேறி, நர்ஸ் பதிவும் முடிந்து, அயர்லாந்தின் மேற்கே கால்வே பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆங்கிலத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. ஆரம்பத்தில் ஒருநாள் காலை, டியூட்டி மாறும்போது விவரம் ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவரில், இரவு டியூட்டி பார்த்த நர்ஸ் ஒரு பாட்டியைப் பற்றி, "ஷீ இஸ் ஆஃப்டர் டேக்கிங் ஹர் டேப்லெட்ஸ்" என்றார். மாத்திரை வேண்டுமென்று கேட்கிறாரா, இனிமேல்தான் எடுக்கப் போகிறாரா, எடுத்தே விட்டாரா? மாத்திரை விஷயத்தில் ஊகம் கூடாது. "நீங்கள் கொடுத்துவிட்டீர்களா?" என்று நேராகவே கேட்டேன். "ஐ டிட்" என்றார். சார்ட்டிலும் கையெழுத்து இருந்தது. சரி, எடுத்தாகிவிட்டது.

அங்கே சில பெரியவர்கள் கால்வேக்கு மேற்கே உள்ள கனெமாரா பகுதியிலிருந்து வந்தவர்கள், ஐரிஷைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர்கள். மறதி நோய் முற்ற முற்ற ஆங்கிலம் நழுவி, பழைய மொழிக்கே திரும்பிவிடுவார்கள். அவர்களோடு நாலு வார்த்தை பேசலாமே என்று, கூட வேலை பார்த்த மலையாளி சேச்சி என்னை ஊர் நூலகத்தில் நடந்த மாலை நேர ஐரிஷ் வகுப்பில் சேர்த்துவிட்டார். பெரியவர்களோடு பேச ஓரளவு உதவியது. ஆனால் அதைவிட, கூட வேலை செய்பவர்களின் ஆங்கிலம் அங்கேதான் எனக்குத் தெளிந்தது.

ஐரிஷில் 'ஹேவ்' என்று ஒரு வினைச்சொல்லே கிடையாது. புத்தகம் என்னிடம் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், நம்மைப் போலவே. அதனால் 'ஹேவ் ஈட்டன்' மாதிரி ஓர் அமைப்புக்கும் வழியில்லை. இப்போதுதான் சாப்பிட்டேன் என்பதற்கு, 'சாப்பிட்ட பிறகு இருக்கிறேன்' என்ற மாதிரி 'தரேஷ்' என்ற சொல்லைப் போட்டுச் சொல்கிறார்கள். அந்தத் தரேஷ்தான் ஆங்கிலத்துக்குள் வந்து 'ஆஃப்டர்' ஆகியிருக்கிறது. பாட்டி மாத்திரை எடுத்த பிறகு இருக்கிறார், அவ்வளவுதான்.

அந்த 'ஐ டிட்'டுக்கும் இதே கதைதான். ஐரிஷில் ஆம், இல்லை என்று தனிச்சொல் இல்லை. கேள்வியில் வந்த வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். "தாத்தா, டீ குடிக்கிறீர்களா?" என்று கேட்டால் 'யெஸ்' வராது, "ஐ வில்" என்று வரும். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்று சொல்லும் நமக்கு இது புதிதா என்ன! ஆனால் பள்ளியில் படித்த ஆங்கிலம் குறுக்கே நின்றது. 'யெஸ்' வரட்டும் என்று நான் காத்திருந்தேன்.

இன்னொன்று, "தி கெட்டில் புரோக் ஆன் மீ". கெட்டில் அவர் மேல் விழுந்து உடையவில்லை. அது கெட்டுப்போனதன் நஷ்டம் அவருக்கு என்று பொருள். ஐரிஷில் சளி, சோகம், பசி எல்லாமே ஆளின் மேல் இருப்பவை. 'தா ஸ்லைதான் ஒரம்' என்றால் எனக்குச் சளி பிடித்திருக்கிறது. நாம் 'எனக்கு' போடும் இடத்தில் அவர்கள் 'என்மேல்' போடுகிறார்கள். "இஸ் இட் டு கால்வே யூ ஆர் கோயிங்?" என்று ஒரு தாத்தா கேட்பார். ஆங்கில ஆசிரியர் கேட்டால் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். எனக்கோ "கால்வேக்கா போறே?" என்றே காதில் விழும்.

இதற்குப் பின்னால் சரித்திரம் இருக்கிறது. 1831இல் தொடங்கிய தேசியப் பள்ளிகளில் பாடமொழி ஆங்கிலம். 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சம் ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதிகளைத்தான் அதிகம் வாட்டியது. பிழைக்கவும் கப்பலேறவும் ஆங்கிலம் வேண்டியிருந்தது. அதை ஆங்கிலேயரிடம் கற்றவர்களைவிட, ஐரிஷிலேயே யோசித்துப் பழகிய அக்கம்பக்கத்தாரிடம் கற்றவர்கள் அதிகம். சொல் மாறியது, வாக்கியக் கட்டு மாறவில்லை. 1937ஆம் ஆண்டு அரசியல் சாசனம் ஐரிஷைத்தான் முதல் ஆட்சிமொழி என்கிறது. சாலைப் பலகைகளில் அதுதான் மேலே இருக்கும். ஆனால் பெரும்பாலானோர் வாயில் அது வாழ்வது இப்படி ஆங்கிலத்துக்குள் ஒளிந்துதான்.

அதற்காக எல்லாவற்றையும் ஐரிஷ் கணக்கில் எழுதிவிட முடியாது. பலரைச் சேர்த்துக் கூப்பிடும் 'யீ' பழைய ஆங்கிலத்திலும் இருந்த சொல். "ஹீ டஸ் பீ ஹியர்" என்று வழக்கமாக நடப்பதைச் சொல்லும் முறை எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே சண்டையே இருக்கிறது. ஒரு வேலையைச் செய்யச் சொன்னால் "ஐ வில், யா" என்று இழுப்பார்கள். அதற்கு அர்த்தம் 'செய்யவே மாட்டேன்'. இதை எந்த இலக்கணத்திலும் தேட வேண்டாம், வெறும் குசும்பு.

இன்றைக்கும் தென்மேற்கே உள்ள கெர்ரி மாவட்டத்துக்காரர் ஒருவர் வேகமெடுத்துப் பேசினால் எனக்குப் பாதிதான் பிடிபடும். எங்களோடு வேலை செய்யும் டப்ளின் பெண்ணிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். அவளுக்கும் பாதிதான் புரியுமாம்.