திரையில் கோடு, வீட்டில் பஞ்சாயத்து

பழைய லேப்டாப்பின் திரையில் முதல் கோடு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் விழும். சர்வீஸ் கடை மூடியிருக்கும். திங்கள் காலை அனுப்ப வேண்டிய ஃபைல் திறந்திருக்கும். சீரான இடைவெளியில் ஊதா நிறத்தில் ஏழெட்டுக் கோடுகள், மவுஸைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் கட்டங்கள். அப்புறம் திரை ஒரு தடவை கறுத்துவிட்டுத் திரும்பி வரும். டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்லவில்லை, ஆனால் மீண்டுவிட்டது என்று ஓரத்தில் ஒரு அறிவிப்பு எட்டிப் பார்க்கும்.

வீட்டில் உடனே பஞ்சாயத்து கூடும். "வைரஸ்தான், ஃபார்மட் போடு" என்பார் சித்தப்பா. "ராத்திரி பகலா அந்த கேமை விளையாடினா என்ன ஆகும்" என்பார் அம்மா. கேம் விளையாடியவனோ, "போனது போகட்டும்பா, புதுசு வாங்கிடலாம்" என்று பெருந்தன்மையாகச் சொல்வான். இதில் அம்மா சொல்வது பாதி சரி. சித்தப்பா பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அதையேதான் சொல்வார்.

அந்த அறிவிப்புக்கு அர்த்தம் இதுதான்: ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, திரைக்குப் படம் வரையும் கிராஃபிக்ஸ் சிப் பதில் சொல்ல விண்டோஸ் 2 விநாடி காத்திருக்கும். பதில் வராவிட்டால், அந்தச் சிப்பை ஓட்டும் மென்பொருளான டிரைவரை அடித்து எழுப்பும். எழுந்தால் இந்த அறிவிப்பு, எழாவிட்டால் நீலத்திரை. அதில் 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' என்றோ, 116 என்று முடியும் பிழை எண்ணோ தெரியும். விண்டோஸின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் கிராஃபிக்ஸ் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணமும் பிழை எண் 43-ம் வந்துவிட்டால் சிப் மேல் சந்தேகம் வலுக்கிறது. தீர்ப்பு எழுத இன்னும் நேரம் இருக்கிறது.

முதல் வேலை ஃபைல்களைக் காப்பி எடுப்பது. திரை செத்தாலும் டிஸ்க் சாகாது. எஸ்எஸ்டியையோ ஹார்ட் டிஸ்க்கையோ கழற்றி, அதற்குப் பொருந்தும் கேஸில் (பழைய லேப்டாப்பில் பெரும்பாலும் 2.5 அங்குல சாட்டா) போட்டு இன்னொரு கம்ப்யூட்டரில் யுஎஸ்பி வழியாகப் படித்துக்கொள்ளலாம். ஆனால் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். திரை தெரிகிற நேரத்திலேயே அதை எடுத்து ஒரு காகிதத்தில் எழுதிவிடுங்கள். அதே லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் நோட்பேடில் சேமித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்து, குற்றவாளி யார் என்று பார்க்க வேண்டும். ஹெச்டிஎம்ஐ வயரில் வீட்டு டிவியை இணையுங்கள். டிவியில் படம் சுத்தமாக வந்து லேப்டாப் திரையில் மட்டும் கோடு இருந்தால், பேனல் அல்லது கீல் வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிள். மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைக்கும்போது கோடு வந்து வந்து போனால் பெரும்பாலும் கேபிள்தான். அது மலிவான பொருள். மதர்போர்டு போச்சு என்று முடிவு கட்டிய பல கேஸ்களில் மாற்ற வேண்டியிருந்தது அந்தக் கேபிள் மட்டுமே.

இன்னொரு சோதனைக்குச் செலவே இல்லை. கோடு தெரியும்போது ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அதைப் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனிலும் கோடு தெரிந்தால், படம் உருவாகும் இடத்திலேயே கோளாறு, அதாவது சிப்போ அதன் மெமரியோ. போனில் சுத்தமாக இருந்தால் கோளாறு அதற்குப் பிறகு, திரைக்குப் போகிற வழியில் எங்கோ. ஸ்க்ரீன்ஷாட் எடுக்காமல் திரையைப் போனால் போட்டோ பிடித்துவிட்டு "ஆமா, போன்லயும் தெரியுதே" என்று சொல்லும் ஒருவர் எல்லா வீட்டிலும் உண்டு.

இன்டெல், என்விடியா என்று இரண்டு கிராஃபிக்ஸ் சிப்பும் உள்ள லேப்டாப்பில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அவற்றில் திரை பெரும்பாலும் இன்டெல் பக்கத்தோடுதான் இணைந்திருக்கும். என்விடியா படத்தை வரைந்து இன்டெல்லிடம் கொடுக்கும், இன்டெல் திரைக்கு அனுப்பும். ஆகவே எந்த கேமும் ஓடாமல் சும்மா டெஸ்க்டாப்பிலேயே கோடு நிற்கிறது என்றால் என்விடியா நிரபராதியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதே காரணத்தால், ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பு வரும் பயாஸ் திரை சுத்தமாக இருக்கிறது என்பதை வைத்து என்விடியாவுக்கு நற்சான்று கொடுக்கவும் முடியாது. அதை வரைந்ததும் இன்டெல்தான்.

இன்டெல்லுக்கு என்று தனி மெமரி கிடையாது, ராமிலிருந்துதான் கடன் வாங்கும். ராம் கெட்டாலும் திரையில் கோலம் விழும். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். தங்க நிறப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் துடைத்துப் போடும் நம்மூர் வைத்தியம் சில நேரம் நிஜமாகவே வேலை செய்யும். ரப்பர் தூளை மட்டும் ஸ்லாட்டுக்குள் விழ விடாதீர்கள்.

டிரைவரையும் ஒரு கை பார்த்துவிட வேண்டும். விண்டோஸ் குறைந்தபட்ச டிரைவர்களோடு மட்டும் திறக்கும் சேஃப் மோடில் போய், டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவியால் பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, லேப்டாப் கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கென்று இருக்கும் பழைய டிரைவரைப் போடுங்கள். டிரைவர் இல்லாத வரை நன்றாக ஓடி, டிரைவர் ஏறிய மறுநிமிடம் படுத்தால் சிப்தான். ரீஇன்ஸ்டால் எத்தனை தடவை செய்தாலும் பதில் மாறாது. சித்தப்பாவின் ஃபார்மட்டுக்கும் இதே கதி.

கடைக்கு ஓடும் முன் தூசி. கேம் விளையாடும்போது மட்டும் கோளாறு வருகிறது, வெளியேறும் காற்று கையைச் சுடுகிறது என்றால் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு வெப்பநிலையைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 45 முதல் 55 டிகிரி, வேலை செய்யும்போது 80, 85 வரை பழைய லேப்டாப்புக்குச் சகஜம். 95-ஐத் தொட்டால் உள்ளே மூச்சுத் திணறுகிறது. உறுதிப்படுத்திக்கொள்கிறேன் என்று ஃபர்மார்க் போன்ற வதைச் சோதனையை மட்டும் ஓட்டாதீர்கள். இழுத்துக்கொண்டிருக்கும் உயிர் அங்கேயே அடங்கிவிடும்.

கழற்றும்போது முதலில் சார்ஜர், அடுத்தது பேட்டரி கனெக்டர். அதற்குப் பிறகுதான் மற்றதில் கை. ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து அந்தந்த இடத்திலேயே ஸ்க்ரூவைச் செருகி வைத்தால் பின்னால் புலம்ப வேண்டியதில்லை. நீள ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் முறுக்கினால் அது மேல்பக்கம் கை வைக்கும் இடத்தில் கொப்புளமாக எழும்பி நிற்கும். கீபோர்டின் ரிப்பன் கேபிளை இழுக்கக் கூடாது, கனெக்டரின் சின்ன மூடியை நகத்தால் தூக்கினால் தானே வரும்.

ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிறக் கம்பளம் விரித்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது அசையாது. ஃபேனைக் கழற்றி, பிரஷ்ஷால் உரித்துத்தான் எடுக்க வேண்டும். ஃபேனில் காற்றடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கன்னாபின்னாவென்று சுழன்றால் பேரிங் கெடும்.

சிப் மேல் காய்ந்து பொருக்காகிப்போன பழைய பேஸ்ட்டை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். புதிய தெர்மல் பேஸ்ட் பட்டாணியில் பாதி அளவு போதும், கண்ணாடி போன்ற பகுதி முழுவதும் மெல்லிசாக மூடினால் சரி. டியூப் தீரும் வரை பிதுக்குவதால் கூடுதல் குளிர்ச்சி கிடைக்காது. சிப்பைச் சுற்றியுள்ள மெமரி, மின்சாரப் பகுதிகள் மேல் இருக்கும் தெர்மல் பேடுக்குப் பதில் பேஸ்ட் போடாதீர்கள், அந்த இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது. 0.5, 1, 1.5 மில்லிமீட்டர் என்று பேட் கிடைக்கும். பழைய பேடில் நசுங்காத ஓரத்தை அளந்து அதே தடிமன் வாங்குங்கள். ஒரு சுற்று தடிமன் கூடினாலும் ஹீட் சிங்க் சிப்பை விட்டு எழும்பி நிற்கும், செய்த வேலை அத்தனையும் வீண். ஹீட் சிங்க் ஸ்க்ரூ பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும், அந்த வரிசையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் கோடு வந்தால் சிப் கிழடு தட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான லேப்டாப்பில் கார்டைக் கழற்றி வேறு கார்டு மாட்ட வழியில்லை, சிப் மதர்போர்டிலேயே சால்டர் பற்றால் ஒட்டி உட்கார்ந்திருக்கும். எம்எக்ஸ்எம் என்ற தனிப்பலகை வைத்த சில பெரிய கேமிங், வொர்க்ஸ்டேஷன் மாடல்கள்தான் விதிவிலக்கு. சிலிக்கான் துண்டு ஒரு சின்னப் பலகை மேல் நுண்ணிய பற்றுப் புள்ளிகளால் ஒட்டப்பட்டிருக்கும். அந்தப் பலகை அடியில் உள்ள உருண்டைகளால் மதர்போர்டில் ஒட்டப்பட்டிருக்கும். சூடானால் பலகை சிலிக்கானைவிடப் பல மடங்கு விரியும், ஆறினால் சுருங்கும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் முறிவது மாதிரி, வருஷக்கணக்கில் சூடாகி ஆறிய பற்று ஒருநாள் விரிசல் விடும்.

ஜாம்பவான்களே இதில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். நோட்புக் சிப்கள் சிலவற்றின் பேக்கேஜிங் பொருள் பலவீனமானது என்று ஒப்புக்கொண்டு 2008 ஜூலையில் என்விடியா 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. 2011-இன் 15, 17 அங்குல மேக்புக் புரோக்களில் ஏஎம்டி ரேடியான் சிப் இதே மாதிரி படுத்து, 2015 பிப்ரவரியில் ஆப்பிள் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவித்தது. அது முடிந்து பல வருஷம் ஆகிறது. அந்த மேக்புக்கை இப்போது பரணில் கண்டெடுப்பவர்கள் பில்லைத் தேட வேண்டாம்.

இந்த இடத்தில்தான் நாட்டு வைத்தியம் ஆரம்பிக்கிறது. ஃபேனை மறைத்து லேப்டாப்பைக் கம்பளியில் சுற்றி, தன் சூட்டிலேயே வேக விடுவது ஒன்று. ஹேர் டிரையரைக் காட்டுவது இன்னொன்று. பிரபலமானது, மதர்போர்டைக் கழற்றி 200 டிகிரி ஓவனில் எட்டு நிமிடம் வைப்பது. இதைக் கேள்விப்பட்டு மைக்ரோவேவைத் திறப்பவரை உடனே தடுத்து நிறுத்துங்கள். அவர் காண்பது பழுதுபார்ப்பு அல்ல, தீபாவளி.

வேடிக்கை என்னவென்றால் ஓவன் வைத்தியம் சில சமயம் பலிக்கும். ஈயமில்லாப் பற்று உருக 217 டிகிரி வேண்டும், 200-இல் அது உருகவே இல்லை. சூட்டில் பாகங்கள் லேசாக வளைந்து, விரிசல் விட்ட முனைகள் மறுபடி ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன, அவ்வளவுதான். சில நாள், சில வாரம், அதிர்ஷ்டம் இருந்தால் சில மாதம் ஓடும், பிறகு அதே கோடு. இதற்கிடையில் பிளாஸ்டிக் கனெக்டர் வளையும், கெப்பாசிட்டர் உப்பும், புகை ஓவனுக்குள் படியும். அதே ஓவனில் அடுத்த வாரம் யாரும் கேக் செய்ய வேண்டாம்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான இடத்தில் சிப் லெவல் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் மூன்று வார்த்தைகள் காதில் விழும்: ரீஃப்ளோ, ரீபால், சிப் மாற்றுவது. ரீஃப்ளோ என்பது ஹாட் ஏரில் சூடாக்குவது, கிட்டத்தட்ட ஓவன் வைத்தியத்தின் நாகரிக வடிவம். ரீபாலில் சிப்பைக் கழற்றி அடியில் புது உருண்டை பதித்து மறுபடி ஒட்டுவார்கள். பார்க்க அழகான வேலை. ஆனால் விரிசல் பெரும்பாலும் சிலிக்கானுக்கு அடியில் இருக்கும்போது பலகைக்கு அடியில் உருண்டை மாற்றி என்ன பயன்? ரீபாலுக்குப் பின் லேப்டாப் ஓடினால் அதற்குக் காரணம் பல நேரங்களில் அந்தச் சூடுதான்.

உண்மையான மருந்து புது சிப் மட்டுமே. "புதுசுதான் சார்" என்று வரும் சிப் இன்னொரு செத்த போர்டிலிருந்து கழற்றிப் புது உருண்டை போட்டதாகவும் இருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி, "அண்ணே, சிப்பே மாத்துறீங்களா, ரீபாலா? எத்தனை மாசம் வாரண்டி?" அவர் கண்ணைப் பார்க்காமல் "ஒரு மாசம் பார்த்துக்கலாம் சார்" என்றால் அது ஹாட் ஏர். மூன்று மாதத்தை பில்லில் எழுதிக் கொடுத்தால் யோசிக்கலாம். அந்தத் தொகையும் அதே மாடலின் செகண்ட் ஹேண்ட் விலையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், யோசிப்பதை நிறுத்திவிடலாம்.

காசு செலவழிக்காமல் நாளைக் கடத்த வழி இருக்கிறது. இரண்டு சிப் உள்ள லேப்டாப்பில் டிவைஸ் மேனேஜரில் என்விடியா அல்லது ரேடியானை முடக்கிவிட்டு இன்டெல்லில் மட்டும் ஓட்டுங்கள். எக்செல், யூடியூப், தமிழ் தட்டச்சு எதுவும் குறையாது. பயாஸிலேயே முடக்க வசதி இருந்தால் இன்னும் நல்லது. விண்டோஸில் மட்டும் முடக்கினால், டிரைவர் இல்லாததால் சிப் தூங்காமல் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே சும்மா இருக்கவும் கூடும். பெரிய விண்டோஸ் அப்டேட் வந்தால் அது திரும்ப எழுந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2011 மேக்புக் புரோவில் அணைத்தாலும் அழியாத என்வி-ராம் என்ற சின்ன நினைவகத்தில் ஒரு கட்டளை எழுதியும், ஏஎம்டி டிரைவர் கோப்பை ஓரங்கட்டியும் இதையே செய்யலாம். வெளி மானிட்டர் வேலை செய்யாது, அந்த வாசல் ஏஎம்டி பக்கம் இருக்கிறது. யாராவது ஆர்வத்தில் பிராம் (அதே என்வி-ராம்தான்) ரீசெட் செய்தால் அந்தக் கட்டளை அழிந்து, மறுபடி கோடும் சாம்பல் திரையும் தரிசனம் தரும்.

ஒரே சிப் மட்டும் உள்ள லேப்டாப் என்றால், ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் சிப்பின் கோர் வேகத்தை 100, 200 மெகாஹெர்ட்ஸ் குறைத்து, கேமை விநாடிக்கு 30 ஃபிரேமில் கட்டிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் டிரைவரே இல்லாமல் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டரில் ஓட்டலாம். பிரைட்னஸ் குறையாது, ஸ்லீப் போகாது, திரையில் எல்லோரும் ஒரு சுற்று பருத்துத் தெரிவார்கள். டைப் அடிக்க அது போதும்.

கடைசியில் திரை கறுத்தே கிடந்தால், ராம், எஸ்எஸ்டி, சார்ஜர் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பழைய லேப்டாப் வாங்கும் கடையில் கொடுக்கலாம். பேனலுக்கும் கீபோர்டுக்கும் அங்கே கிராக்கி உண்டு. "கிராஃபிக்ஸ் நல்லா இருக்கா சார்?" என்று ஒரு மரியாதைக்குக் கேட்பார். "லேசா ஒரு கோடு வருது" என்று ஆரம்பிக்க வேண்டாம். அதற்குள் அவர் சொந்த ராமையும் சார்ஜரையும் மாட்டி ஆன் செய்திருப்பார்.