டோர்ட்டுகேரோவில் ஆமை முட்டைகளை எண்ணிய இரவுகள்

கோஸ்டா ரிக்காவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் எரிமலையையும் மழைக்காட்டையும் பார்த்துவிட்டு, பசிபிக் கரையில் சில நாள் தங்கித் திரும்பிவிடுகிறார்கள். நான் போனது அந்நாட்டின் மறுபக்கத்துக்கு. கரீபியக் கடலோரத்தில் டோர்ட்டுகேரோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே முட்டையிட வரும் கடலாமைகளைக் கணக்கெடுக்கும் பணியில் தன்னார்வலராகச் சேர்வதே என் நோக்கம். மற்ற இடங்களைப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தேன்.

தலைநகர் சான் ஹோசேயிலிருந்து கரியாரி வரை ஒரு பேருந்து, அங்கிருந்து லா பவோனா படகுத்துறை வரை இன்னொரு பேருந்து, அதன்பின் ஆற்றிலும் கால்வாயிலுமாக ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகுப் பயணம். ஊருக்குச் சாலையே கிடையாது என்பதால் காரும் கிடையாது. ஒரு பக்கம் கால்வாயும் மறுபக்கம் கடலும் இருக்க, நடுவிலுள்ள குறுகிய மணல் திட்டில் வீடுகளும் கடைகளும் பள்ளியும் நெருங்கி அமைந்திருக்கின்றன. ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும் பகுதி அது, அதாவது சென்னையில் பெய்வதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். துணி காய்வதை அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை.

அட்லாண்டிக் பெருங்கடல் பரப்பில் பச்சைக் கடலாமைகள் மிக அதிகமாக முட்டையிடும் கரைகளுள் முதன்மையானது டோர்ட்டுகேரோ. ஒரு காலத்தில் அதுவே இந்த ஆமைகளுக்கு ஆபத்தாக முடிந்தது. கரையேறிய ஆமைகளை மல்லாக்கப் புரட்டிப் போட்டு, உயிரோடு படகில் ஏற்றி, இறைச்சிக்கும் சூப்புக்குமாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விலங்கியலாளர் ஆர்ச்சி கார் 1950களில் இக்கரைக்கு வந்து, 1955இல் ஆமைகளுக்கு அடையாளமிடும் வேலையைத் தொடங்கினார். முதலில் ஓட்டில் கம்பியால் கட்டிய வில்லைகள் நிலைக்கவில்லை. அதனால் மாட்டின் காதில் குத்தும் உலோக வில்லையை ஆமையின் முன்துடுப்பில் பொருத்தும் வழக்கம் வந்தது. அவருடைய பணிக்குத் துணைநிற்க 1959இல் உருவான அமைப்புதான் இன்று 'சீ டர்ட்டில் கன்சர்வன்சி' என்று அழைக்கப்படுகிறது. 1975இல் இக்கரையும் அதையொட்டிய காடும் சட்டப்படி தேசியப் பூங்காவாயின. அன்று தொடங்கிய கணக்கு இன்றுவரை தொடர்கிறது. அந்த நீண்ட கணக்கில் சில பக்கங்களை எழுத உதவுவதே என்னைப் போன்றவர்கள் அங்கே செய்யும் வேலை.

வேலை இரவில்தான். எட்டு மணிக்கு ஒரு குழுவும் நள்ளிரவில் இன்னொரு குழுவும் கிளம்பும். கறுப்பு உடை கட்டாயம். வெள்ளை விளக்கும் கேமராவும் கூடவே கூடாது. கொசுவிரட்டி பூசிய கையால் ஆமையைத் தொடக் கூடாது. வழிநடத்தும் ஆய்வு உதவியாளரிடம் மட்டும் சிவப்பு விளக்கு இருக்கும். அதுவும் தேவைப்படும்போதுதான் எரியும். எரிமலை மணல் என்பதால் கரை கருமையாக இருக்கும், காலும் புதையும். முதலில் எதுவுமே தெரியாது; சிறிது நேரம் நடந்த பிறகு கண் பழகி, அலை ஒதுங்கும் விளிம்பிலிருந்து மேலேறிப் போகும் அகன்ற தடத்தை நாமாகவே அடையாளம் காணத் தொடங்குவோம்.

தடத்தின் முடிவில் ஆமை இருக்கும். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீள ஓடு, நூறு கிலோவை எளிதில் தாண்டும் உடல். பின்துடுப்பின் நுனியை மடக்கிக் குவித்து, ஒரு கை மணலை அள்ளி ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த துடுப்பால் அடுத்த பிடியை அள்ளும். தான் தோண்டும் குழியை அது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் தொந்தரவு செய்தால் கடலுக்குத் திரும்பிவிடும் என்பதால் நாங்கள் தள்ளியே அமர்ந்திருப்போம். முட்டை விழத் தொடங்கிய பிறகுதான் நெருங்க அனுமதி. நான் ஈர மணலில் குப்புறப் படுத்து, கையுறை அணிந்த வலக்கையை முட்டை விழும் இடத்துக்குக் கீழே நீட்டி, இடக்கையில் எண்ணும் கருவியைப் பிடித்துக்கொள்வேன். எலுமிச்சம்பழ அளவில், மெத்தென்ற தோலோடு, வழவழப்பான நீர் சொட்டச் சொட்ட இரண்டும் மூன்றுமாக முட்டைகள் உள்ளங்கையில் விழுந்து குழிக்குள் உருளும். ஒவ்வொன்றுக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். சராசரியாக நூறுக்குச் சற்று மேல் இருக்கும். குழியை மூடியதும் முன்துடுப்புகளால் மணலைப் பின்னோக்கி வாரி வீசும். அதில் பாதி எங்கள் முகத்தில்தான் விழும்.

குழி மூடும்போது ஆய்வு உதவியாளர் துடுப்பில் வில்லை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். இல்லையென்றால் புதிதாகப் பொருத்துவார். இருந்தால் அதன் எண்ணை உரக்கச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். வில்லையில் எண்ணும் முகவரியும் மட்டுமே இருக்கும், ஆனால் கடலாமையின் வாழ்க்கையைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி அந்தச் சிறு உலோகத் துண்டிலிருந்து வந்ததுதான். இங்கே முட்டையிடும் ஆமைகளில் மிகுதியானவை வடக்கே நிகரகுவாவின் மிஸ்கிட்டோ கடலோரத்துக் கடற்புல் வெளிகளில் மேய்கின்றன என்பது, அங்குள்ள மீனவர்கள் பிடித்த ஆமைகளின் வில்லைகளைத் திருப்பி அனுப்பியதால்தான் உறுதிப்பட்டது. ஒரே ஆமை ஒரு பருவத்தில் பன்னிரண்டு நாள் இடைவெளியில் பலமுறை கரையேறும் என்பதும், பிறகு சில ஆண்டுகள் வராமலிருந்து அதே கரைக்குத் திரும்பும் என்பதும் இப்படித்தான் தெரிந்தன. பச்சைக் கடலாமை முட்டையிடும் பருவத்தை எட்டவே இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். ஆகவே நான் எண்ணிய முட்டைகளிலிருந்து ஏதேனும் ஒரு குஞ்சு பிழைத்து வளர்ந்து கரையேறும்போது, அதன் துடுப்பில் வில்லை பொருத்தப்போகிறவர் இன்னும் பள்ளிக்கூடத்தில்கூடச் சேராதவராக இருக்கலாம். இந்த நினைப்பு எனக்குத் தந்த மகிழ்ச்சியை வேறெந்தப் பயணமும் தந்ததில்லை.

தங்குவதற்கும் சாப்பாட்டுக்குமாகத் தன்னார்வலர்களும் பணம் கட்ட வேண்டும். உழைக்கவும் செய்து காசும் கொடுப்பதா என்று நண்பர்கள் பலர் கேட்டார்கள். அந்தத் தொகையால்தான் ஆய்வு நிலையத்தின் அன்றாடச் செலவு நடக்கிறது என்பதை நேரில் பார்த்த பிறகு எனக்கு அதில் மனக்குறை ஏதுமில்லை. ஆனால் பணம் வாங்கும் எல்லா இடமும் இப்படி இல்லை. கம்போடியாவிலும் நேபாளத்திலும் பெற்றோர் உயிரோடிருக்கும் பிள்ளைகளையே அநாதை விடுதிகளில் சேர்த்து, வெளிநாட்டுத் தன்னார்வலர்களின் பணத்துக்காகக் காட்டிக்கொண்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. மொழியும் பயிற்சியும் இல்லாத ஒருவர் இரண்டு வாரம் குழந்தைகளோடு பழகிவிட்டுப் பிரிந்துபோவதால் யாருக்கும் நன்மையில்லை. நாம் போகாவிட்டாலும் நடக்கக்கூடிய பணியா, உள்ளூர்க்காரர்களின் கையில் இருக்கும் பணியா, பயிற்சியில்லாத கைகளுக்கும் உண்மையாகவே அங்கே இடமிருக்கிறதா என்று விசாரித்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

டோர்ட்டுகேரோவில் பணி உள்ளூர்க்காரர்களின் கையில் இருப்பது கண்கூடு. சுற்றுலாப் பயணிகள் உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடுதான் இரவில் ஆமை பார்க்கக் கரைக்கு வர முடியும். அந்த வருமானமே ஊரின் முக்கியப் பிழைப்பு. முதிய வழிகாட்டி ஒருவர், சிறுவயதில் தன் தந்தையோடு ஆமைகளைப் புரட்டிப்போட இதே கரையில் நடந்ததைச் சற்றும் மறைக்காமல் என்னிடம் சொன்னார். இப்போது அவருடைய மகனும் வழிகாட்டி. பகலில் தூங்கி எழுந்து, தேங்காய்ப்பாலில் வெந்த சோறும் பீன்ஸும் சாப்பிட்டுவிட்டு ஊருக்குள் நடந்தால், "நேற்று எத்தனை?" என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். நான் எண்ணிக்கையைச் சொல்வேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷுக்கு அந்த உரையாடல் போதும். ஓர் ஊரில் அந்நியனாக இருந்தும் அங்கே நமக்கொரு வேலை இருக்கிறது என்பதால் கிடைக்கும் அந்த உறவு, விடுதியில் தங்கிப் போகிறவருக்குக் கிடைப்பது கடினம்.

திரும்பி வந்ததும் நான் சென்னையில் 1988 முதல் இயங்கிவரும் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவின் இரவு நடையில் கலந்துகொண்டேன். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே பங்குனி ஆமையின் முட்டைகளைத் தேடி நடக்கிறார்கள். நகர விளக்குகளும் நாய்களும் இருப்பதால் இங்கே முட்டைகளைத் தோண்டியெடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்க வேண்டியிருக்கிறது. டோர்ட்டுகேரோவில் அவற்றை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மூன்று திசைகளிலிருந்து தூரத்தை அளந்து குறித்துக்கொள்வோம். வெளிநாட்டுக்குப் போகும் எண்ணம் உள்ளவர்கள் முதலில் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் இந்த நடைக்கு வந்து, இரவெல்லாம் மணலில் நடக்கத் தம்மால் இயலுமா என்று பார்த்துக்கொள்ளலாம். டோர்ட்டுகேரோவில் பச்சைக் கடலாமைக்கு ஜூலை முதல் அக்டோபர் வரை பருவம். மார்ச் முதலே தோணியாமைகளும் வரும். விண்ணப்பத்தைச் சில மாதங்களுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். கறுப்புச் சட்டை நான்கைந்து வேண்டும், நல்ல மழைக்கோட்டும் அவசியம்.