பாட்டி பிறந்த ஊர் எது? மங்கோலியாவில் தாய்வழி டிஎன்ஏ சேகரித்த அனுபவம்

உலான்பாத்தரில் ஓர் ஆய்வுக்குழுவோடு சேர்ந்து, மங்கோலியர்களின் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் சிறு உறுப்பு) டிஎன்ஏவைத் தடயவியலுக்குப் பயன்படும் தரவாக மாற்றும் வேலையில் இருந்தேன். மாதிரி எடுப்பதில் ஆரம்பித்து, தரவுத்தளத்தில் ஏற்றும்வரை என்னென்ன நடக்கிறது என்று நண்பர்கள் பலர் கேட்டார்கள். இதே வேலைக்கு வரப்போகிறவர்களுக்கும் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

செல்லின் கருவில் இருக்கும் டிஎன்ஏ இரண்டே பிரதிகள். மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பதோ ஒரு செல்லுக்கு நூற்றுக்கணக்கில், சில செல்களில் ஆயிரக்கணக்கில். அதனால்தான் வேர் இல்லாமல் உதிர்ந்த முடியிலும், பல காலம் மண்ணுக்குள் கிடந்த எலும்பிலும் மற்றதெல்லாம் சிதைந்துபோன பிறகும் இது கிடைக்கிறது. 16,569 எழுத்து (அடினின், குவானின், தைமின், சைட்டோசின் என்ற நான்கு வேதிப்பொருள்களில் ஒன்றுதான் ஒவ்வொரு எழுத்தும்) நீளமுள்ள சிறிய வளையம். தாயிடமிருந்து மட்டும் வருவது. அண்ணன், தங்கை, சித்தி, அம்மாவின் அம்மா என எல்லோருக்கும் பொதுவாக ஒரே எழுத்து வரிசைதான். ஆகவே இதை வைத்து "இவர்தான் அவர்" என்று சொல்ல முடியாது. "இந்தத் தாய்வழியைச் சேர்ந்தவராக இருக்கலாம்" என்றுதான் சொல்லலாம்.

அந்த "இருக்கலாம்" எவ்வளவு கனமானது என்பது, அதே வரிசை அந்த மக்களிடையே எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டி4 என்ற ஹாப்லோகுழு (ஒரே மூதாய் வழிவந்து, ஒரே மாதிரி மாற்றங்கள் கொண்ட கிளை) ஐரோப்பியர்களிடம் மிக அரிது. மங்கோலியாவிலோ அதுதான் முன்னணியில் நிற்கும் வகை. உலான்பாத்தரில் கிடைத்த ஒரு முடியை ஐரோப்பியத் தரவோடு ஒப்பிட்டு "லட்சத்தில் ஒருவருக்குத்தான் இது இருக்கும்" என்று யாராவது நீதிமன்றத்தில் சொன்னால், சம்பந்தமே இல்லாத ஒருவர் சிறைக்குப் போகக்கூடும். இந்த வேலை எனக்கு முக்கியமாகப் பட்டது அதனால்தான்.

மாதிரி எடுப்பது நிமிட வேலை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து, உலரவைத்து, உறையில் போட்டு எண் ஒட்டினால் முடிந்தது. நேரம் எடுத்ததெல்லாம் அதற்கு முந்தைய பேச்சுதான். எதற்காக எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் பின்னால் எப்படி விலகிக்கொள்வது என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும். அப்புறம் இரண்டு கேள்விகள்: அம்மா பிறந்த ஊர் எது, அம்மாவின் அம்மா பிறந்த ஊர் எது?

இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. தாய்வழியில் உறவானவர்கள் இருவர் தரவில் சேர்ந்தால் அந்த வரிசை உண்மையைவிடப் பரவலாகத் தெரியும். மங்கோலியப் பெயர்களை வைத்து அந்த உறவைக் கண்டுபிடிக்கவே முடியாது. அங்கே தன் பெயருக்கு முன்னால் வருவது பெரும்பாலும் அப்பாவின் பெயர். குலப்பெயர்களை 1920களில் அரசு நிறுத்திவிட்டது. ஜனநாயகம் வந்தபிறகு மறுபடி சூட்டிக்கொள்ளச் சொன்னபோது, ஏராளமானோர் செங்கிஸ்கானின் குலமான போர்ஜிகின்னையே தேர்ந்தெடுத்தார்கள். அதனால் அக்கா தங்கையின் பிள்ளைகள் இருவர் அடுத்தடுத்து வந்து நின்றாலும் காகிதத்தில் அவர்கள் அந்நியர்கள். உட்கார்ந்து பேசினால் மட்டுமே தெரியும். வயதானவர்கள் உப்புப் போட்ட பால் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, பாட்டி பிறந்த சோம் (மாவட்டம்) எது, பக்கத்தில் என்ன ஆறு என்றுகூடச் சொன்னார்கள். உடன் வந்த மங்கோலியத் தோழி இல்லாவிட்டால் அந்தத் தகவலில் பாதிகூட எனக்குக் கிடைத்திருக்காது.

நாங்கள் போன இடத்திலெல்லாம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று: "நான் செங்கிஸ்கானின் வம்சமா?" தாய்வழி டிஎன்ஏவில் இதற்குப் பதிலே கிடையாது. செங்கிஸ்கானுக்கு இருந்தது அவருடைய தாய் ஹோலுன் கொடுத்தது. அதை அவர் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்க முடியாது. அவருடைய மனைவி போர்தே பெற்ற மகன்களுக்குப் போனது போர்தேயுடையது. ஆசியாவில் பரவலாக உள்ள ஒரு வரிசையை 2003இல் வந்த ஓர் ஆய்வு அவரோடு தொடர்புபடுத்தியது உண்மைதான், ஆனால் அது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம். இதைக் கேட்டுச் சிலர் முகம் வாடியது. ஆனால் ஹோலுனைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் பெண்கள் நெருங்கி வந்து உட்கார்ந்தார்கள்.

ஆய்வகத்துக்கு வருவோம். பிரதிகள் அதிகம் என்பதே இங்கே ஆபத்து. தொட்டவருடைய டிஎன்ஏவும் எளிதாக ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரியே போடாத வெற்றுக் குழாய் ஒன்று கடைசிவரை கூடவே போகும். அங்கே வேலை செய்யும் எல்லோருடைய வரிசையையும் முதலிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். என்னுடையது எம்2 என்ற ஹாப்லோகுழு, தென்னிந்தியாவில் நிறையப் பேருக்கு இருப்பது. மங்கோலியாவின் டி, சி, ஜி, இசட் எல்லாமே அதே எம் என்ற பெருங்கிளையிலிருந்து பிரிந்தவை. எம் கிளையில் வந்தவர்களுக்கு வளையத்தின் 489ஆம் இடத்தில் தைமினுக்குப் பதில் சைட்டோசின் இருக்கும். என் வரிசையிலும் இருந்தது, அவர்களில் பெரும்பாலானவர்கள் வரிசையிலும் இருந்தது. பல பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் எங்களுக்கு ஒரே பாட்டி. ஆய்வகக் கணினியில் அதைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

நாங்கள் படித்தது கட்டுப்பாட்டுப் பகுதி (வளையத்தில் மாற்றங்கள் அதிகம் சேரும் பகுதி) முழுவதையும்: 16024இல் தொடங்கி, வளையத்தைச் சுற்றி 576 வரை, சுமார் 1,100 எழுத்து. பழைய ஆய்வுகள் இதில் இரண்டு துண்டுகளை மட்டும் தனித்தனியாகப் படித்தன. ஒருவருடைய முதல் துண்டும் இன்னொருவருடைய இரண்டாம் துண்டும் சேர்ந்து, உலகில் இல்லாத மனிதர் உருவான கதைகள் அப்படித்தான் நடந்தன. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்படி படித்தால் அந்தக் கலப்பு உடனே காட்டிக்கொடுக்கும்.

வரிசையைப் படிப்பதில் என்னை அதிகம் சோதித்தது பி4 வகை. 16189இல் தைமின் மாறி சைட்டோசின் வந்துவிட்டால், அந்த இடத்தில் சைட்டோசின்கள் நீளமாக ஒரே வரியில் நிற்கும். சாங்கர் முறையில் (எழுத்துகளை வரைபடத்தின் உச்சிகளாகக் காட்டும் வாசிப்பு முறை) டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும் நொதி அங்கே வழுக்கி, அதற்குப் பிறகு வரும் உச்சிகள் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும். எதிர்த்திசையிலிருந்து படித்து இரண்டையும் நடுவில் இணைக்க வேண்டும். இன்னொரு சிக்கல்: 16223, 16362 என்ற இரண்டு மாற்றங்கள் மட்டும் தெரிந்தால் அது டி4ஆகவும் இருக்கலாம், ஜியாகவும் இருக்கலாம். மங்கோலியாவில் இரண்டுமே உண்டு. வளையத்தின் மறுபக்கம் போய் 5178 மாறியிருக்கிறதா, 4833 மாறியிருக்கிறதா என்று பார்த்தால்தான் முடிவு சொல்லலாம். முதலாவது என்றால் டி, இரண்டாவது என்றால் ஜி.

ஒவ்வொரு வரிசையையும் இருவர் தனித்தனியாகப் படித்து, பிறகு ஒப்பிட்டோம். அதன்பின் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கிலிருந்து நடக்கும் எம்பாப் என்ற, தடயவியலுக்கான மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தரவுத்தளத்துக்கு அனுப்பினோம். அவர்கள் வம்சமரத்தோடு பொருத்திப் பார்த்து, சந்தேகம் வரும் இடங்களின் மூல வரைபடத்தைக் கேட்பார்கள். அந்தக் கெடுபிடி தேவைதான். இங்கே ஒரு தட்டச்சுப் பிழைகூட எங்கோ ஒரு வழக்கில் போய் நிற்கும்.

வழக்கில் ஒப்பிடும்போது பொதுவான விதி: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வித்தியாசம் இருந்தால் ஒரே தாய்வழி இல்லை. ஒன்றே ஒன்று என்றால் முடிவு சொல்லக்கூடாது. ஒரே ஆளுக்குள்ளேயே ஓரிடத்தில் இரண்டு எழுத்துகள் கலந்திருப்பதும் உண்டு. ரஷ்யாவின் கடைசி ஜார் நிக்கோலஸின் எலும்பில் 16169இல் அப்படி இருந்தது சந்தேகத்தைக் கிளப்பியது. தம்பி ஜார்ஜின் கல்லறையைத் தோண்டி எடுத்த எலும்பிலும் அதே கலப்பு இருந்ததால் தீர்ந்தது. வித்தியாசமே இல்லாமல் பொருந்தி, ஆனால் 500 பேர் உள்ள தரவில் அந்த வரிசை ஒருமுறைகூட இல்லை என்றால், அது மக்களிடையே சுமார் 0.6 சதவீதம்வரை இருக்கலாம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 500க்குப் பதில் 5,000 பேர் இருந்தால் அது 0.06 ஆகும். ஒவ்வொரு பாட்டியின் ஊரையும் நாங்கள் துருவித் துருவிக் கேட்டது இந்தக் கணக்குக்காக.

குற்ற வழக்குகளைவிட என் மனதில் நின்றது இன்னொரு பயன். 1930களின் இறுதியில் நடந்த அடக்குமுறையில் மங்கோலியாவில் பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதி லாமாக்கள் (பௌத்தத் துறவிகள்). உலான்பாத்தருக்கு அருகே ஹம்பின் ஓவோவில் 2003இல் ஒரு பெரும் புதைகுழி வெளிப்பட்டது. பிள்ளையில்லாத ஒரு லாமாவின் எலும்புக்கு உரிமை கோர மகனோ மகளோ இருக்க மாட்டார்கள். ஆனால் அவருடைய அக்காவின் மகளுக்குப் பிறந்த மகள் இருக்கலாம். அவரிடம் அதே தாய்வழி வரிசை இருக்கும். ஒப்பிட மங்கோலியத் தரவும் இருந்தால், அந்த எலும்பு யாருடையதாக இருக்கலாம் என்று குறைந்தபட்சம் வட்டத்தைச் சுருக்க முடியும். மாதிரி கொடுக்க வந்த சில முதியவர்கள் இதை நாங்கள் சொல்லும் முன்பே கேட்டார்கள்: "எங்கள் பாட்டியின் தம்பியை இதில் தேட முடியுமா?"

இப்போதைக்குக் கட்டுப்பாட்டுப் பகுதி மட்டும் போதாது என்பதே என் கருத்து. டி4க்குள் பலருடைய வரிசை ஒன்றுபோலவே நிற்கிறது. 16,569 எழுத்தையும் படித்தால் அவர்களில் பெரும்பாலோர் தனித்தனிக் கிளைகளாகப் பிரிவார்கள். மறுபடி அழைக்கலாம் என்று சம்மதித்துக் கையெழுத்திட்டவர்களின் மாதிரிகளிலிருந்து அதைத் தொடங்கியிருக்கிறோம்.