‘அமைதி’ வினாவும் கடைமடை வாய்க்காலும்

குடிமைப்பணி முதன்மைத் தேர்வை அரசியல் அறிவியல் விருப்பப்பாடத்துடன் தமிழில் எழுதத் தயாரானபோது, உலக அரசியலில் அமைதி என்ற கருத்து மாறிவந்த விதத்தை விளக்குமாறு ஒரு மாதிரித் தேர்வில் கேட்டிருந்தார்கள். 1648 வெஸ்ட்பேலியா, 1815 வியன்னா, 1919 வெர்சாய் ஆகிய அமைதி உடன்பாடுகள், 1945 ஐ.நா. சாசனம் என்று ஆண்டுகளைக் கோத்து இரண்டு பக்கம் நிரப்பினேன். ‘இது போர்கள் முடிந்த வரலாறு, அமைதி எங்கே?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்தார் திருத்தியவர்.

அந்தக் கேள்விக்கு விடை எங்கள் ஊரிலேயே இருந்தது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே நாங்கள் கடைமடைக்காரர்கள். ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்த ஆண்டுகளில்கூட எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டாமல் போனதுண்டு. அப்போது யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஆனால் விட்ட விதை முளைத்துக் கருகியது. தவிர்க்கக்கூடிய துன்பம் சமூக அமைப்பின் காரணமாகவே நீடித்தால் அதுவும் வன்முறைதான் என்று நார்வே அமைதி ஆய்வாளர் யோஹான் கால்டுங் 1969-இல் முன்வைத்த ‘கட்டமைப்பு வன்முறை’ அதன்பிறகே எனக்கு விளங்கியது. போர் இல்லாதிருப்பது எதிர்மறை அமைதி. அந்த அநீதியும் நீங்கியிருப்பது நேர்மறை அமைதி. (வாய்க்கால் கதையை விடைத்தாளில் எழுதவில்லை, கேட்டது உலக அரசியல்.)

அடுத்த முறை, ஒவ்வொரு கட்டத்திலும் யாருக்கு, எதிலிருந்து பாதுகாப்பு என்று கேட்டுக்கொண்டே எழுதினேன். ஐ.நா. சாசனம் அமைதிக்கு வரையறை தரவில்லை. அதற்கு அச்சுறுத்தல் எது என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை 39-ஆம் பிரிவின் வழியாகப் பாதுகாப்பு அவைக்குத் தருகிறது. அங்கே பாதுகாக்கப்படுவது அரசு. 1994-ஆம் ஆண்டின் ஐ.நா. மனித மேம்பாட்டு அறிக்கை ‘மனிதப் பாதுகாப்பு’ என்று பேசியபோது உணவும் உடல்நலமும் வேலையும் அமைதியின் கணக்கில் சேர்ந்தன. பாதுகாக்கப்படுபவர் தனிமனிதர் ஆனார். 2000-இல் வந்த பாதுகாப்பு அவையின் 1325-ஆம் எண் தீர்மானம் அமைதிப் பேச்சுகளில் பெண்களின் பங்கை வலியுறுத்தியது. 2007-இல் ஐ.நா. அமைதி காக்கும் பணிக்காக லைபீரியாவுக்கு இந்தியா அனுப்பிய பெண் காவலர் பிரிவை இந்த இடத்தில் ஒரே வரியில் சேர்த்தால் போதும்.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் 2005-இல் ஐ.நா. உச்சி மாநாட்டில் ஏற்கப்பட்ட ‘பாதுகாக்கும் பொறுப்பு’. சொந்த மக்களை இனப்படுகொலை போன்ற கொடுமைகளிலிருந்து காக்க ஓர் அரசு தவறினால் பன்னாட்டுச் சமூகம் செயல்படலாம் என்ற கொள்கை, 2011-இல் லிபியாவில் ஆட்சி மாற்றத்தில் போய் முடிந்தது. அங்கே பொதுமக்களைக் காக்கப் படை நடவடிக்கையை அனுமதித்த, பாதுகாப்பு அவையின் 1973 என்ற எண்ணுள்ள தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் விலகி நின்றது. அமைதியின் பெயரால் யார் தலையிடுகிறார்கள் என்ற வளரும் நாடுகளின் ஐயத்தை இங்கே விரித்து எழுதாத விடை, என் கணிப்பில், பாதி விடைதான்.

தமிழில் எழுதுவோர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 1992-இல் அன்றைய ஐ.நா. பொதுச் செயலாளர் பூட்ரோஸ் காலி தந்த அறிக்கையில் வரும் மூன்று சொற்களையும் ‘அமைதிப் பணி’ என்றே எழுதிவிடுகிறோம். பேச்சுவார்த்தையால் பகைவரை உடன்பாட்டுக்குக் கொண்டுவருவதை அமைதி ஏற்படுத்தல் என்றும், களத்தில் படையினரையும் காவலரையும் நிறுத்திச் சண்டை மீண்டும் மூளாமல் பார்த்துக்கொள்வதை அமைதி காத்தல் என்றும், மோதல் முடிந்தபின் நிறுவனங்களை மீட்டெழுப்புவதை அமைதி கட்டமைத்தல் என்றும் பிரித்து எழுதுங்கள். பதினைந்து மதிப்பெண் வினாவுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 11 நிமிடம். அதில் வெஸ்ட்பேலியாவுக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் நான் தருவதில்லை.