வடக்கு மாசி வீதியா, அண்ணா நகரா: நடந்து பார்த்து எடுத்த முடிவு

சென்ற தை மாதம் கண் மருத்துவர் என் பரிசோதனைத் தாளை மேசையில் விரித்து, இனி நான் ஸ்கூட்டி ஓட்டக் கூடாது என்று சொன்னார். கண் பிரஷர் என்று வீடுகளில் சொல்லப்படும் கிளாக்கோமா எனக்கு ஆறு ஆண்டுகளாக இருக்கிறது. நேரே இருப்பது இன்னும் தெளிவாகவே தெரிகிறது. பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் என் வேலை அதனால்தான் தடைப்படவில்லை. ஆனால் ஓரப் பார்வை சுருங்கிவிட்டது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். அப்போது நாங்கள் குடியிருந்தது மதுரையை அடுத்த நாகமலைப் புதுக்கோட்டையில், தேனி சாலையிலிருந்து வெகுவாக உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் சொந்த வீட்டில். பால் பாக்கெட் வாங்குவதற்குக்கூட வண்டியை எடுத்தாக வேண்டிய இடம் அது. வண்டி ஓட்ட முடியாத நான் அங்கே எதற்கும் யாரையாவது எதிர்பார்த்தே உட்கார்ந்திருக்க வேண்டிவரும் என்பது மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் வழியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அன்றாடத் தேவை அனைத்துக்கும் நடந்தே போய்வரக்கூடிய ஓர் இடத்துக்கு நாமும் வாடகைக்குப் போய்விடலாம் என்று கணவர் சொன்னார். அவர் தினமும் விருதுநகருக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவர். வீட்டில் மூன்றாவது ஆள், 78 வயதான என் மாமியார். அவரை நான் அத்தை என்றுதான் அழைப்பேன். மூட்டு வலி உள்ளவர், ஆனால் மாலையில் வாசலில் உட்காராமல் அவருக்குப் பொழுது போகாது. விசாரித்து விசாரித்துக் கடைசியில் இரண்டு இடங்கள் மிஞ்சின: வைகைக்கு வடக்கே அண்ணா நகர், மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிய பழைய நகருக்குள் வடக்கு மாசி வீதிப் பக்கம்.

காகிதத்தில் எழுதிப் பார்த்தால் அண்ணா நகர்தான் முன்னே நின்றது. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று தொடங்கப்பட்டது அங்கேதான். இன்றும் அது அந்தப் பகுதியின் அடுப்பங்கரை போலத்தான் இருக்கிறது. 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கி இன்று பெரிதாக வளர்ந்து நிற்கும் அரவிந்த் கண் மருத்துவமனையும் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. மருந்துக் கடை, வங்கி, காய்கறி, பேருந்து எல்லாமே பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். வடக்கு மாசி வீதிக்கும் இவற்றில் பெரும்பாலானவை உண்டு, கணவருக்கு ரயில் நிலையம் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும் என்ற கூடுதல் வசதியும் உண்டு. ஆனால் நெரிசல், இரைச்சல், பழைய வீடு என்று மற்றொரு பக்கமும் உண்டு.

வீட்டுத் தரகர்கள் எங்களை எப்போதும் காலை பதினொரு மணி வாக்கில்தான் அழைத்துப் போனார்கள். பதினொரு மணிக்கு நான் எங்கும் நடப்பதே இல்லை. நான் வீட்டை விட்டு இறங்குவது விடியற்காலை ஐந்து மணிக்கு, பிறகு மாலை நான்கு மணிக்கு மேல், பிறகு வேலை முடிந்து இரவு எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில். அந்த மூன்று நேரங்களில் ஒரு தெரு எப்படி இருக்கிறதோ அதுதான் எனக்கு அந்தத் தெரு. அதனால் பங்குனியில் அண்ணா நகரில் இருக்கும் நாத்தனார் வீட்டில் ஒரு வாரமும், சித்திரை பிறந்ததும் வடக்கு மாசி வீதிக்குப் பக்கத்துச் சிம்மக்கல்லில் இருக்கும் பள்ளித் தோழியின் வீட்டில் ஒரு வாரமும் தங்கினேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரம், வழி, எங்கே நின்றேன், எங்கே பயந்தேன் என்பதை மட்டும் அன்றன்றே எழுதினேன். இதே சிக்கலில் இருப்பவர்களுக்கு நான் மனதாரச் சொல்வது இதைத்தான்: வாடகை பேசுவதற்கு முன்பு, தெரிந்தவர் வீடு இருந்தால் அங்கே சில நாள் தங்கி, உங்கள் நேரத்தில் நடந்து பாருங்கள்.

அண்ணா நகரின் விடியற்காலையை இப்போது நினைத்தாலும் மனம் குளிர்கிறது. ஐந்தரை மணிக்கு உழவர் சந்தையில் நனைந்த சாக்கின் மேல் கீரைக்கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள், நான் கட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, மறுநாள் முதல் நான் போனதும் தாமே ஒரு கட்டைப் பிரித்துக் காட்டத் தொடங்கினார். குறுக்குத் தெருக்களில் வேம்பும் புங்கையும் நிழல் கட்டி நின்றன. புங்கம்பூ உதிர்ந்து தெருவோரம் மெத்தை போட்டதுபோல் கிடந்தது. மாலை நான்கரை மணிக்கும் அந்த நிழலில் தலையில் முந்தானை போடாமல் நடக்க முடிந்தது. ஆறு நாட்கள் நோட்டுப் புத்தகத்தில் குறையென்று எதையும் எழுதவில்லை.

ஏழாவது நாள் இரவு ஒன்பது மணிக்கு மருந்துக் கடையிலிருந்து திரும்பும்போது விழுந்தேன். அங்கே பல வீடுகளில் கார் ஏறுவதற்காக வாசலிலிருந்து தெருவுக்குள் சிமெண்டில் சரிவு இறக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். ஒன்று முடிந்து நாலடி தூரத்துக்குப் பள்ளம், பிறகு அடுத்தது. தெருவிளக்குகளுக்கு நடுவே இருட்டுத் துண்டுகள் விழுகிற இடத்தில், மரங்களின் நிழலும் சேர்ந்துகொள்ள, என் கண்ணுக்குச் சரிவும் தரையும் ஒன்றாகத்தான் தெரிந்தன. கிளாக்கோமா உள்ளவர்களுக்கு மங்கிய வெளிச்சம் மிகவும் சிரமம் தரும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். முழங்காலில் சிராய்ப்புத்தான், பெரிய காயமில்லை. ஆனால் எழுந்து நின்று பார்த்தபோது தெருவில் ஒருவர்கூட இல்லை. கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன, உள்ளே தொலைக்காட்சி ஓடும் சத்தம் கேட்டது. பகலெல்லாம் எனக்கு நிம்மதி தந்த அந்த அமைதி, அந்த ஒரு நிமிடத்தில் அச்சமாக மாறியது.

பழைய நகரில் இது தலைகீழாக இருந்தது. அங்கே பகல்தான் கடினம். சந்துக்குள்ளிருந்து பைக் திடீரென்று வெளியே வரும். ஓரத்தில் வருவது எனக்குத் தெரியாது, ஹாரன் கேட்ட பிறகுதான் உடம்பு ஒதுங்கும். வெயிலிலும் ஒரு பாடம் கற்றேன். வடக்கு மாசி வீதி கிழக்கு மேற்காக ஓடுவதால் நான்கு மணி வெயில் வீதியின் நீளத்துக்கும் நேராக முகத்தில் அடிக்கிறது. மதுரையில் சித்திரை முதல் வாரத்தில் உச்சி வெயில் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் நிற்பதால் மதியத்திலும் எந்தப் பக்கமும் நிழல் விழுவதில்லை. ஆனால் அதே நான்கு மணிக்கு மேல மாசி வீதிக்குத் திரும்பினால், வீதி தெற்கு வடக்காக ஓடுவதால், மேற்குச் சாரிக் கட்டடங்களின் நிழல் பாதி வீதி வரை விழுந்து கிடக்கிறது. குறுகலான சந்துகளோ எப்போதும் நிழல்தான். எந்த நேரத்தில் எந்த வீதியின் எந்தச் சாரியில் நடப்பது என்று மூன்றாம் நாளே நோட்டில் படம் போட்டுக்கொண்டேன்.

வண்டி என்ற ஒன்றை நினைத்தே பார்க்காத காலத்தில் காலுக்காகப் போடப்பட்ட ஊர் அது. கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சதுரங்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டு அகழி மூடப்பட்டபோது உண்டானவையே வெளி வீதிகள். அந்தப் பணியில் உடனிருந்த இருவரின் பெயரைத்தான் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் இன்றும் தாங்கி நிற்கின்றன. இந்த அமைப்பு என்னைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய துணை என்பது நடந்து பார்த்த பிறகே தெரிந்தது. எந்தச் சந்தில் தடுமாறி நின்றாலும் நிமிர்ந்து பார்த்தால் ஏதேனும் ஒரு கோபுரம் நேரே தெரியும், அதை வைத்துத் திசையைப் பிடித்துவிடலாம். ஒன்றுபோலவே இருக்கும் அண்ணா நகர்க் குறுக்குத் தெருக்களில் நான் இரண்டு முறை வழி தவறியிருக்கிறேன்.

விடியற்காலை ஐந்து மணிக்குச் சித்திரை வீதிகளுக்குப் போனேன். நான்கு வீதிகளிலும் வாகனங்களுக்கு அனுமதியில்லை. கல் பாவிய சமதளம், நல்ல வெளிச்சம், ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். மருத்துவர் வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து நான் தெருவில் இரண்டு அடிக்கு ஒருமுறை தலையை இடமும் வலமும் திருப்பித்தான் நடந்துகொண்டிருந்தேன். கிழக்குச் சித்திரை வீதியில் புது மண்டபத்துக்கு எதிரே வரும்போதுதான், வெகு நேரமாக நான் தலையைத் திருப்பவே இல்லை என்பதை உணர்ந்தேன். பூக்காரப் பெண்கள் உதிரி மல்லிகையைக் கொட்டித் தொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இரவு ஒன்பது மணிக்கும் அதே வீதிகளில் ஆள் நடமாட்டம் குறையவில்லை. பருத்திப்பால் வண்டியில் விளக்கு எரிந்தது, கடைப் படிகளில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள், இட்லிக் கடைகளில் ஆவி பறந்தது. விழுந்தால் தூக்கிவிட ஆள் இருக்கிறது என்ற எண்ணமே பாதி பயத்தைப் போக்கிவிடுகிறது.

மனம் முடிவெடுத்துவிட்டது, வீடுதான் அமையவில்லை. வடக்கு மாசி வீதிப் பக்கம் முதலில் கிடைத்த வீடு மாடியில் இருந்தது. பிடித்து ஏறக் கயிறு தொங்கும் செங்குத்தான படிக்கட்டு. அத்தை அண்ணாந்து பார்த்து, பத்தொன்பது படி என்று எண்ணிவிட்டு, "ஏத்தி விட்டீகன்னா அப்புறம் நான் இறங்க மாட்டேன் தாயி. வாசல்ல உக்காந்தா நாலு முகம் தெரியணும்ல" என்றார். அதற்குமேல் அந்த வீட்டைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அதே வாரம் அண்ணா நகரில் காற்றோட்டமான தரைத்தள வீடு 13,000 ரூபாய் வாடகைக்கு வந்தது. கணவர் முன்பணம் கொடுக்கவே தயாராகிவிட்டார். நான் விழுந்த இடத்துக்கு அவரை இரவு ஒன்பது மணிக்கு அழைத்துப் போய், மொபைல் வெளிச்சம் இல்லாமல் அந்தத் தெருவைக் கடந்து காட்டச் சொன்னேன். நல்ல கண்ணுள்ள அவருக்கே இரண்டு இடத்தில் கால் இடறியது. இன்னும் இரண்டு மாதம் பார்ப்போம் என்று அவரே சொன்னார்.

ஆனி மாதக் கடைசியில் வடக்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், காம்பவுண்டு வீடு ஒன்றின் தரைத்தளப் பகுதி காலியானது. ஆடியில் யாரும் வீடு மாறுவதில்லை என்பதால் வீட்டுக்காரர் எப்படியும் ஒரு மாதம் சும்மா போட்டுவைக்க வேண்டியதுதான். அது எங்களுக்கு உதவியது. 9,500 ரூபாய் வாடகை பேசினோம். பத்து மாத முன்பணம் கேட்டார். வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் சொல்வதைப் பணிவாக எடுத்துச் சொல்லி, ஐந்து மாதத்துக்கு இறக்கினோம். அதே சட்டப்படி ஒப்பந்தத்தைப் பதிவும் செய்துகொண்டோம். ஆவணி பிறந்து முதல் வளர்பிறை முகூர்த்தத்தில் பால் காய்ச்சிக் குடிவந்தோம்.

இழந்தது இல்லையென்று சொல்ல மாட்டேன். வேம்பு நிழலும், தூசியில்லாத காற்றும், கீரைக்கார அம்மாளும் இங்கே இல்லை. புதன்கிழமைதோறும் பெண்களுக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்தில் ஏறி அண்ணா நகர்ச் சந்தைக்குப் போய்வருகிறேன். திரும்பும்போது பையை இறக்கிவைக்க நடத்துநரே உதவுகிறார். குடிநீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது, நான்கு குடும்பத்துக்கு ஒரே அடிகுழாய். வடக்கு மாசியும் மேல மாசியும் சேரும் முனையைப் பகலில் தனியாகக் கடக்க இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை. அருகில் நிற்பவரிடம் கேட்டு, அவர்களோடு சேர்ந்து கடக்கிறேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை.

இனி ஐப்பசி மழை வர வேண்டும். பக்கத்துப் பகுதியில் இருக்கும் அக்கா குடிவந்த அன்றே எங்கள் வாசல் சுவரில் முழங்காலுக்குக் கீழே பழுப்பாகப் படிந்திருந்த கோட்டைக் காட்டி, பெருமழை பெய்த ஓர் ஆண்டில் சந்துத் தண்ணீர் அதுவரை ஏறியது என்றார். அரிசி டிரம்மையும் மெய்ப்புக் கட்டுகளையும் அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் மேலே, பலகை அடித்து ஏற்றி வைத்திருக்கிறோம்.